ஜோதியில் ஜோதி

அக்கா மகன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது வீட்டில் கரண்ட் இல்லை. ரங்கூனில் கரண்ட் இல்லாதது ஒரு செய்தியே அல்ல. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வரும், எப்போது போகும் என்று பார்த்துத்தான் சோறு வடிப்பதும் தண்ணீர் ஏற்றுவதும். (ஊர்ப் பெயரை யாங்கூன் என்று மாற்றி முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்.) மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாதிச் சோற்றில் கையை நிறுத்திவிட்டு, "சித்தி, இயேசுவைக் கடவுள் படைச்சாரா, இல்ல அவரே கடவுளா?" என்றான்.

"இதென்னடா கேள்வி? ஞாயித்துக்கிழமை சொல்றோமே, ஜெநிப்பிக்கப்பட்டவர், சிருஷ்டிக்கப்பட்டவரல்லன்னு."

"அதான் சித்தி. அதுக்கு என்ன அர்த்தம்?"

வாய் பேச வந்த நாளிலிருந்து அவன் அந்த விசுவாசப்பிரமாணத்தை, ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையை, சொல்லி வருகிறான். சொல்லிக் கொடுத்தவள் நான். எங்கள் தமிழ்ச் சபையில் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அந்த இரவில் அவனுக்கு ஒழுங்காக ஒரு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அர்த்தம் எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது எப்படி நேர்ந்தது என்று பிறகு நிறைய யோசித்தேன். என் அம்மா தலைமுறை பள்ளியிலேயே தமிழ் படித்தது. 1965-ல் தனியார் பள்ளிகள் எல்லாம் அரசுடைமை ஆனபின் தமிழ், கோயில் திண்ணைக்கும் சர்ச் பின்கட்டுக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். எழுதுவதும் படிப்பதும் பர்மிய மொழியில். அதனால் பாட்டுகளையும் விசுவாசப்பிரமாணத்தையும் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுவோம். அவர்கள் பிசகில்லாமல் வாசிப்பார்கள், பெரியவர்கள் கண்கலங்குவார்கள். 'ஜெநிப்பிக்கப்பட்டவர்' என்பது அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் ஓசை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தே விட்டுவிட்டோம்.

அவனுக்கு அர்த்தம் சொல்ல வேறு ஆட்கள் வந்தார்கள். சுத்தமான பர்மிய மொழியில், டீக்கடையில் உட்கார்ந்து, வாரத்துக்கு மூன்று நாள், வசனம் வசனமாக. அந்தக் கூட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இயேசு கடவுளின் முதல் படைப்பு, எல்லாப் படைப்புகளிலும் உயர்ந்தவர், ஆனாலும் படைப்பு என்பது அவர்கள் போதனை. திரித்துவம், அதாவது பிதா, குமாரனாகிய இயேசு, பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது, 325-ல் ஒரு ராஜா கட்டாயப்படுத்திக் கொண்டுவந்தது, சபைகள் உண்மையை மறைத்துவிட்டன என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

அக்கா கத்தினாள். அவன் வைத்திருந்த சிறு புத்தகங்களை அடுப்பில் போட்டாள். சபைப் பெரியவர் ஒருவர், சபைப் பட்டியலிலிருந்து அவன் பேரை எடுத்துவிடலாம் என்றார். நான் செய்தது இதைவிட மேல் என்று சொல்ல முடியாது. மறுநாள் வேதாகமத்தைத் திறந்து 1 யோவான் 5:7-ஐக் காட்டினேன்: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே." இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும் என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அது பின்னாடி சேர்த்தது சித்தி" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. அந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வந்தபின் 1522-ல்தான் சேர்த்தார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது இருக்கிறது என்பதற்காக நாம் அதைத் தூக்கிப் பிடித்தால், கேட்கிற பிள்ளை அதோடு நம் மற்ற வார்த்தைகளையும் கீழே போட்டுவிடும். நல்ல சுவருக்கு உளுத்த கட்டையால் முட்டுக் கொடுப்பானேன்? அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின்தான் அவன் என்னோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தான் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

இப்படித்தான் எனக்கு நிசேயா, 325-ல் ஆயர்கள் கூடி எங்கள் விசுவாசப்பிரமாணத்துக்கு அடிப்படை போட்ட அந்தச் சங்கம், உயிரோடு வந்தது. அந்தச் சங்கம் மறுத்த போதனைக்காரர், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியு என்று ஒரு குரு. நல்ல ஒழுக்கமுள்ளவர், பேச்சுத் திறமையுள்ளவர். 'குமாரன் இல்லாதிருந்த ஒரு காலம் இருந்தது' என்பது அவருடைய போதனையின் மையம். அவர் அதைப் பாட்டாகக் கட்டிவிட்டார். கப்பல்காரர்களும் மாவு அரைக்கிறவர்களும் வழிநடக்கிறவர்களும் பாடும்படி அவர் பாட்டு எழுதினார் என்று பழைய சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். கைப்பேசி இல்லாத காலத்தில் அதைவிட வேகமான வழி வேறு இருந்திருக்குமா?

ராஜா கொண்டுவந்த போதனை என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் மிகவும் கவனமாகப் படித்தேன், ஏனென்றால் அவனை உலுக்கியது அதுதான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் சங்கத்தைக் கூட்டியது உண்மை. ஆனால் அதே கான்ஸ்டன்டைன் சுமார் பத்து வருடம் கழித்து, நிசேயாவின் பெரிய காவலனான அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவை நாடுகடத்தினார். 337-ல் மரணப்படுக்கையில் அந்த ராஜாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுவின் பக்கம் நின்ற ஆயர். அவருக்குப் பின் வந்த மகன் கான்ஸ்டன்டியு வெளிப்படையாகவே நிசேயாவுக்கு எதிரி. அத்தனாசியு மொத்தம் ஐந்து தடவை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்; ஏறக்குறைய 17 வருடம் அகதி வாழ்க்கை. ராஜாக்களின் விருப்பப்படி நடந்திருந்தால் இன்று உலகம் முழுவதும் ஆரியுவின் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. நிசேயா இருக்கும் பித்தினியா நாட்டுக்குச் சுமார் 112-ஆம் ஆண்டில் பிளினி என்று ஒரு ரோம ஆளுநர் இருந்தார். அவர் கிறிஸ்தவர் அல்ல. கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்தவர். இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்துப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். சங்கம் கூடுவதற்கு இருநூறு வருடத்துக்கு முன்னால், அதே மண்ணில். அப்போது அவர்களைக் கட்டாயப்படுத்த எந்த ராஜாவும் இல்லை. ராஜாவின் சேவகர்கள் அவர்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

வசனங்களுக்கு வருவோம். கொலோசெயர் 1:15, 'சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்.' பார்த்தீர்களா, முதலில் பிறந்தவர், ஆகவே படைக்கப்பட்டவர் என்பது அவர்கள் வாதம். நான் அவனைச் சங்கீதம் 89-க்குக் கூட்டிப்போனேன். அங்கே கடவுள் தாவீதை முதற்பேறானவனாக்குவேன் என்கிறார். தாவீது ஈசாயின் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி! ஆடு மேய்க்கப் போயிருந்த அவனை வீட்டார் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆக, முதற்பேறு என்பது அங்கே மகுடத்தைச் சொல்லும் சொல். கொலோசெயரிலும் அடுத்த வசனமே, சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்று முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. சகலத்தையும் படைத்தவர் அந்தச் சகலத்துக்குள் ஒருவராக எப்படி இருப்பார்?

அப்புறம் தோமா. நம் ஊர்ப் பரங்கிமலையோடு மரபு சேர்த்துச் சொல்லும் அதே தோமா. உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்து "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று தோமா சொன்னது ஆச்சரியத்தில் வாய்தவறி வந்த சத்தம் என்று அவர்கள் விளக்கம் சொல்லியிருந்தார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. 'அவருக்குப் பிரதியுத்தரமாக' என்கிறது. கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரி காலில் விழுந்தபோது பேதுரு, நானும் ஒரு மனுஷன்தான் என்று தூக்கிவிட்டான். லீஸ்திரா ஊரில் தன்னைத் தெய்வமென்று நினைத்துப் பலியிட மாலையும் எருதுமாக ஜனங்கள் வந்தபோது பவுல் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினான். வெளிப்படுத்தலில் தேவதூதனே வேண்டாம் என்று தடுக்கிறான். இயேசு தோமாவைத் தடுக்கவில்லை. இதை அவனுக்குப் பழகிய பர்மிய வேதாகமத்திலேயே வாசிக்கச் சொன்னேன். அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் 1813-ல் ரங்கூனில் இறங்கி 1834-ல் முடித்த மொழிபெயர்ப்பு அது. யோவான் முதல் அதிகாரத்தில், வார்த்தை 'பயாதகின்'னாக இருந்தார் என்றே இருக்கிறது. தேவன் என்பதற்கு அந்தப் புத்தகம் முழுக்க வருகிற அதே சொல். அவன் அந்த வரியை விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தான்.

ஜெநிப்பித்தல் என்பதை விளக்கத்தான் பாடுபட்டேன். தச்சர் நாற்காலி செய்கிறார், நாற்காலி தச்சராகாது. அவர் பெற்ற பிள்ளையோ அவரைப்போலவே மனுஷன். செய்வது வேறு, பெறுவது வேறு. "ஆனா அப்பா முதல்ல, பிள்ளை அப்புறம்தானே சித்தி?" என்றான். நியாயமான கேள்வி, ஆரியு கேட்டதும் இதுவே. அன்றும் கரண்ட் போயிற்று. எரிகிற மெழுகுவர்த்தியைக் காட்டி, "இந்தச் சுடர் எப்போ வந்துச்சு?" என்றேன். "ஏத்துனப்ப." "வெளிச்சம்?" "அதுவும் அப்பவே." சுடர் இருந்து வெளிச்சம் இல்லாத ஒரு கணம் உண்டா? வெளிச்சம் சுடரிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் சுடருக்குப் பிந்தியது இல்லை. 'ஜோதியில் ஜோதி' என்று விசுவாசப்பிரமாணம் சொல்வது அதைத்தான். என்றும் எரிகிற சுடரானால் வெளிச்சமும் என்றும் உள்ளதுதானே. எந்த உவமையும் கடவுளை முழுக்க அளந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆதிச் சபைப் பிதாக்களே அப்படித்தான் சொல்லி வைத்தார்கள்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு கேட்டதுதான் உண்மையான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. "சரி சித்தி. அவர் கடவுளா இருந்தா என்ன, கடவுள் அனுப்பின பெரிய ஆளா இருந்தா என்ன? நமக்கு அதுல என்ன வந்துச்சு?"

அவனுடைய அப்பா, என் அத்தான், போகலேயில் ஒரு அரிசி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 2008 மே 2-ஆம் தேதி இரவு நர்கீஸ் புயல் வந்தது. ஐராவதி முகத்துவாரத்தில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 1,30,000-க்கும் மேல். அத்தான் காணாமல் போனவர்களில் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. அடக்க ஆராதனை என்று ஒன்றும் முறையாக நடக்கவில்லை. இவனுக்கு அப்போது ஐந்து வயது. ஆனால் அந்த நாட்களில் வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று இன்றும் அக்கா சொல்லுவாள். வெள்ளத்தில் கால் நனைய நடந்து வந்தவர்கள் யார், பிள்ளையிடம் பணம் கொடுத்தனுப்பிவிட்டு வராமல் இருந்துவிட்ட சொந்தக்காரர் யார் என்று பெயர் பெயராகச் சொல்லுவாள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துக்க வீட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது. எவ்வளவு பெரிய ஆளை அனுப்பினாலும் அது வந்ததாகாது.

இதைத்தான் அவனிடம் சொன்னேன். ஆரியுவின் கடவுள் துக்க வீட்டுக்கு ஆள் அனுப்பினவர். தன் கையால் செய்த ஒருவரை, மிக உயர்ந்த ஒருவரைத்தான், ஆணியில் அடிக்கப்பட அனுப்பிவிட்டுத் தான் வராமல் இருந்துகொண்டவர். நிசேயாவில் கூடியவர்கள், அவர்களில் சிலர் முந்தைய துன்புறுத்தலில் கண்ணை இழந்தவர்கள், கால் முடமாக்கப்பட்டவர்கள், அதை ஏற்க மறுத்தார்கள். வந்தவர் அவரேதான் என்றார்கள். பிதா வேறு, குமாரன் வேறு. ஆனாலும் தெய்வத்தில் தெய்வம், பிதாவோடே ஒரே தன்மையுடையவர். அத்தனாசியு ஆயுள் முழுக்கத் துரத்தப்பட்டதும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். படைப்பு படைப்பை இரட்சிக்க முடியாது, கடவுளே வராவிட்டால் நமக்கு மீட்பு வரவில்லை என்றார். இது ஏதோ கிரேக்கத் தத்துவச் சண்டை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இப்போது எனக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கிற உபதேசம் வேறு இல்லை.

அவன் உடனே ஒத்துக்கொண்டுவிடவில்லை. டீக்கடைக்குப் போவதும் நிற்கவில்லை.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் நிலம் அசைந்தது. 7.7 அளவு. ரங்கூனில் நாங்கள் தெருவுக்கு ஓடி வந்ததோடு போயிற்று. மண்டலேயும் சகாயிங்கும் சிதைந்தன. 3,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரமலான் தொழுகையில் இருந்தவர்கள் மேல் பள்ளிவாசல்கள் விழுந்தன, பிக்குகள் மேல் மடங்கள் விழுந்தன. எண்ணி ஒரு வாரத்துக்குள் கைப்பேசியில் ஒரு பிரசங்கம் சுற்றிவந்தது. விக்கிரகங்களை வணங்கினவர்கள் மேல் கர்த்தர் கோபத்தைக் காட்டினார், நம்மவர்களைத் தப்புவித்தார் என்று. இதைச் சொன்னவர் திரித்துவத்தை ஏற்கிறவர்தான், நம்மைப்போன்ற மேடைதான். எனக்கு அந்தக் கூட்டத்தார் மேல் வந்ததைவிட அதிகமான கோபம் இவர்மேல் வந்தது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை ஆண்டவரே எடுத்துச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்றார். மனந்திரும்புங்கள் என்று அவர் சொன்னது செத்தவர்களைப் பார்த்தல்ல. கேட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து. லூக்கா 13-ஐத் திறக்காமலே ஒருவர் பூமியதிர்ச்சியைப் பற்றிப் பிரசங்கிக்க முடிகிறதென்றால், அது துர்உபதேசம். சபைப் பலகையில் சரியான பெயர் எழுதியிருந்தாலும் துர்உபதேசம்தான்.

செழிப்புப் பிரசங்கமும் இதே கிளைதான். விசுவாசம் இருந்தால் வியாதி வராது, காணிக்கை போட்டால் கடை பெருகும். சர்க்கரை மருந்தை நிறுத்தச் சொன்ன கதையெல்லாம் எங்கள் தெருவிலேயே உண்டு. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று பவுலே எழுதியிருக்கிறார். இந்த நாட்டுக்கு வேதாகமம் கொடுத்த ஜட்சன், அன்றைய தலைநகரான ஆவாவில் சிறையில் கால்விலங்கோடு கிடந்தார், இரண்டு மனைவிகளையும் பல பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லுகிற துணிவு யாருக்கு உண்டு?

எதிர்வீட்டு பர்மிய அம்மாவின் தங்கை மண்டலேயில் இடிபாட்டில் போய்விட்டார். நான் போய் உட்கார்ந்தேன். அக்கா மகனும் என் பின்னால் வந்தான், நான் கூப்பிடவில்லை. அந்த அம்மா புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்திருந்தார். நான் ஒன்றும் பிரசங்கிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது அவன், "ஆள் அனுப்பாம நீங்களே போனீங்க சித்தி" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வருடம் நிசேயாவுக்கு 1,700 வருடம். உலகமெங்கும் கொண்டாட்டங்கள் நடந்தன. எங்கள் சபையில் கொண்டாட்டத்துக்கெல்லாம் வசதியில்லை. வகுப்பை மட்டும் மாற்றிக்கொண்டேன். ஒரு தாளில் மூன்று பத்தி: தமிழ் எழுத்தில் ஒன்று, பர்மிய எழுத்தில் அதே தமிழ் ஒன்று, பர்மிய மொழியில் அர்த்தம் ஒன்று. ஒரு ஞாயிறுக்கு ஒரு வரிக்கு மேல் போவதில்லை. நிசேயாவுக்குப் போகுமுன் சின்னதான அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தில் தொடங்கினோம். கேள்வி கேட்கிற பிள்ளையை யாரும் முறைக்கக் கூடாது என்பது வகுப்பின் சட்டம். உங்களிலிருக்கும் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியதை நாங்கள் வெகுநாள் பாதியாகவே வாசித்திருக்கிறோம். உத்தரவு சொல்லத் தயாராக இருந்தோம். சாந்தத்தை விட்டுவிட்டோம். 'பொந்தியு பிலாத்துவின் காலத்தில்' என்ற வரிக்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. ஒரு ரோம அதிகாரியின் பெயரை ஏன் ஜெபம்போலச் சொல்கிறோம் என்று ஒரு பத்து வயதுப் பெண் கேட்டுவிட்டாள். இது கதையல்ல, தேதியுள்ள காரியம் என்பதால்தான் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டோம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. "அந்தத் தாள் ஒண்ணு தாங்க சித்தி" என்றான். கொடுத்தேன். அங்கேயே நின்று பர்மியப் பத்தியை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான். 'மரித்து அடக்கம்பண்ணப்பட்டார், பாதாளத்தில் இறங்கினார்' என்ற இடம்.

"பாதாளம்னா செத்தவங்க இருக்கிற இடமா?"

"ஆமா."

"அடக்கம் பண்ணாதவங்களும் அங்கதான் இருப்பாங்களா? அவங்ககிட்டயும் போயிருப்பாரா சித்தி?"

அந்த வரிக்கு நாங்கள் இன்னும் வரவில்லை, இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. "வா, உட்கார்ந்து படிக்கலாம்" என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மீதிப் பாய்களை அவனே எடுத்து அடுக்க ஆரம்பித்தான்.